லாம்ப்ரெட்டா, லாம்பி, விஜய் சூப்பர்: கேட்டவர்களுக்குப் பதில்

இந்த மூன்று பழைய ஸ்கூட்டர்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில். கேட்டவர்களின் ஊர்ப் பெயரை மட்டும் போட்டிருக்கிறேன்.

அம்பாசமுத்திரம்: அண்ணாச்சி, அப்பா ஓட்டின விஜய் சூப்பர். சிலிண்டரைக் கடைஞ்சு போரிங் போட்டு, புது பிஸ்டன் போட்டாச்சு. ஆனாலும் முக்கூடல் தாண்டுறதுக்குள்ள எஞ்சின் இறுகி, சீஸ் ஆகி நின்னுடுது. மறுபடி போரிங் போடணும்னு மெக்கானிக் சொல்றார்.

போடாதீங்க தம்பி. வண்டி எங்கே காற்று குடிக்கிறது என்று முதலில் பாருங்கள். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலும் காற்றும் கிராங்க் தண்டு சுழல்கிற அறைக்குள் போய்த்தான் சிலிண்டருக்கு மேலே ஏறும். பிளக்குக்கு மின்சாரம் தருகிற மேக்னெட் பக்கத்து ஆயில் சீல், அதாவது தண்டைச் சுற்றியிருக்கிற ரப்பர் வளையம், தேய்ந்திருந்தால் அந்த வழியாகக் கூடுதல் காற்று உள்ளே வரும். கலவையில் பெட்ரோல் குறைந்து மெலியும், சூடு ஏறும், பிஸ்டன் விரிந்து சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். சீலைப் பார்க்காமல் எத்தனை போரிங் போட்டாலும் இதே கதைதான்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. வண்டி சூடானதும் ஆக்சிலேட்டரைத் திருகிவிட்டு மூடுங்கள். சத்தம் உடனே இறங்க வேண்டும். இறங்காமல் கொஞ்ச நேரம் உயரத்திலேயே நின்று பிறகு மெல்ல இறங்கினால் எங்கோ காற்று ஒழுகுகிறது. உறுதிப்படுத்த, கார்புரேட்டரையும் சைலன்சரையும் கழற்றி இரண்டு வாயையும் பழைய டியூப் ரப்பர் வைத்து அடையுங்கள். சைக்கிள் பம்பால் மிகக் குறைவாகக் காற்று ஏற்றுங்கள், ஐந்தாறு பவுண்டு போதும். சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தொட்டு மேக்னெட் பக்கம், சிலிண்டர் அடி கேஸ்கட், ஹெட் எல்லாம் தடவுங்கள். நுரை கொப்பளிக்கிற இடம்தான் குற்றவாளி.

இன்னொன்று. சிலிண்டரைச் சுற்றி ஒரு தகரக் கூடு இருக்குமே, அது இருக்கிறதா? மேக்னெட் விசிறி தள்ளுகிற காற்றை சிலிண்டர் மேல் கொண்டுபோவது அந்தக் கூடுதான். சலசலவென்று சத்தம் போடுகிறது என்று பல பட்டறைகளில் அதைக் கழற்றி மூலையில் போட்டுவிடுகிறார்கள். அது இல்லாமல் சித்திரை வெயிலில் ஓட்டினால் எந்தப் பிஸ்டனும் தாங்காது.

வள்ளியூர்: ஒரு லிட்டர் பெட்ரோலில் எத்தனை மில்லி டூடி ஆயில் கலக்கணும்?

பிஸ்டனை கிராங்க்கோடு இணைக்கிற கனெக்டிங் ராடின் மேல் நுனித் துளையைப் பொறுத்தது. பிஸ்டன் பின் ஓடுகிற இடத்தில் வெண்கலப் புஷ் இருந்தால் 40 மில்லி. ஊசி பேரிங் இருந்தால் 20 மில்லி போதும். எஞ்சினைத் திறந்து பார்த்தவர் யாரும் இல்லையென்றால் 40 போட்டு ஓட்டுங்கள். பிளக்கில் கொஞ்சம் கரி பிடிக்கும், அவ்வளவுதான்.

இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடுகிற ஜெட் துளை அதே அளவில் இருந்தால் கலவை முன்பைவிட மெலிந்துதான் வரும். அதனால் மெயின் ஜெட்டை ஒரு படி கூட்டிப் பாருங்கள். பழைய ரப்பர் பெட்ரோல் குழாயை மாற்றுங்கள், ஊறிப் பிசுபிசுத்துப் போகும். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் மாதக்கணக்கில் நிறுத்துகிறவர்கள் டேங்கையும் கார்புரேட்டரையும் வடித்துவிட வேண்டும்.

மேலப்பாளையம்: வண்டி வெள்ளையா புகை கக்குது. கியர் ஆயிலும் குறையுது.

இது மறுபக்கத்து சீல், செயின் பக்கம் இருப்பது. கியர் ஆயிலை கிராங்க் அறைக்குள் உறிஞ்சி எரிக்கிறது. சீலை மாற்றிவிட்டு எஸ்.ஏ.இ. 90 ஆயில் ஏறக்குறைய 700 மில்லி ஊற்றுங்கள். டப்பாவில் ஜி.எல்.4 என்று தரம் போட்டிருக்க வேண்டும். கிளட்சும் இதே ஆயிலில்தான் ஓடுகிறது, மறக்க வேண்டாம்.

நாங்குநேரி: மூணாவது கியர் நழுவுது. பெட்டியைப் பிரிக்கணுமா?

முதலில் இரண்டு கியர் கேபிளின் தளர்ச்சியைச் சரிசெய்யுங்கள். பெரும்பாலும் அதோடு முடியும். அப்புறமும் நழுவினால் பிரித்து, உள்ளே நகர்ந்து கியர் பல்சக்கரத்தைப் பிடிக்கிற டாக் என்ற துண்டின் முனை மழுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மாட்டும்போது ஷிம் என்கிற மெல்லிய வளையத் தகடு வைத்து விடுகிற இடைவெளி 0.07 முதல் 0.30 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும்.

தென்காசி: அண்ணாச்சி, ஒருத்தர் 1960 இத்தாலி லாம்ப்ரெட்டா என்று சொல்லி ஒரு வண்டி காட்டினார். பளபளன்னு இருக்கு. இத்தாலிக் கம்பெனி இன்னோசென்டியோட பேட்ஜ் எல்லாம் இருக்கு. லட்சக்கணக்கில் விலை. வாங்கலாமா?

பேட்ஜை வைத்து ஒன்றும் முடிவு செய்யாதீர்கள். அது தனியாகவே விற்கிறது. முதலில் ஆர்.சி. புத்தகத்தில் தயாரிப்பாளர் பெயரையும் தயாரித்த ஆண்டையும் பாருங்கள்.

நம் ஊரில் இருப்பவை மூன்று வழியாக வந்தவை. ஐம்பதுகளிலிருந்து பம்பாயில் ஏ.பி.ஐ. (ஆட்டோமொபைல் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா) நிறுவனம் இன்னோசென்டி உரிமத்தோடு செய்த லாம்ப்ரெட்டா ஒன்று. அதே நிறுவனம் எழுபதுகளில் லாம்பி 150 என்று பெயர் மாற்றி விற்றது, உருவம் இன்னோசென்டியின் எல்.ஐ. மாடல் இரண்டாம் வரிசையுடையது. மூன்றாவது விஜய் சூப்பர். இன்னோசென்டி 1971-ல் லாம்ப்ரெட்டா தயாரிப்பை நிறுத்தியது. அந்த இயந்திரங்களையும் பெயர் உரிமையையும் வாங்கி லக்னோவில் ஸ்கூட்டர்ஸ் இந்தியா செய்தது அது. நேராக இத்தாலியிலிருந்து கப்பலில் வந்த வண்டி நம் பக்கம் அபூர்வம். உங்களுக்குக் காட்டியது பெயின்ட் அடித்த லாம்பியாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

சேஸிஸ் எண் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுங்கள். எழுத்துகள் ஒரே ஆழத்தில் இருக்கின்றனவா, சுற்றியுள்ள இரும்பு சமமாக இருக்கிறதா, கிரைண்டர் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். அந்த எண் ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும்.

பாளையங்கோட்டை: லக்னோ வண்டியும் இத்தாலி இயந்திரத்தில் செய்ததுதானே? பிறகு இத்தாலி பேட்ஜ் போட்டால் என்ன தப்பு?

ஒரே இயந்திரம் என்பது சரி. அதனால்தான் சொல்கிறேன், அதற்கு முகமூடி தேவையில்லை. விஜய் சூப்பரின் உருவம் இத்தாலிய வடிவமைப்பாளர் பெர்டோனே வரைந்த ஜி.பி. மாடலுடையது, அது 1969-ல் வந்தது. இத்தாலியில் அந்த ஜி.பி.க்கு வாய்த்த ஆயுள் இரண்டு வருடம்போல. லக்னோவில் எழுபதுகளின் நடுவில் தொடங்கி தொண்ணூறுகளின் பிற்பகுதி வரை அந்த உருவம் ஓடியது. நெல்வேலிச் சீமையில் வாத்தியார்களும் பால்காரர்களும் ஓட்டியது அந்த வண்டி. அந்தப் பெயரைச் சுரண்டிவிட்டு மிலான் பெயரை ஒட்டினால், இருந்த வரலாற்றை அழித்துப் பொய்யான ஒன்றை எழுதுகிறோம்.

களக்காடு: அழகுக்காகப் போடுறதைக்கூட தடுப்பீங்களா அண்ணாச்சி?

சொந்த வண்டியில் என்ன பேட்ஜ் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளுங்கள், அது உங்கள் ஆசை. வாங்க வருபவரிடம் இது லாம்பி என்று வாயால் சொல்லிவிட வேண்டும். சேஸிஸ் எண்ணைத் தேய்த்து வேறு எண் அடிப்பது அழகு சேர்ப்பதில் வராது, அது குற்றம். போலீஸ் வண்டியைப் பிடித்தால் கடைசியாக வாங்கியவர்தான் மாட்டுவார்.

பாளையங்கோட்டை: இங்கிருந்து பழைய வண்டி வாங்குகிற வெளிநாட்டுக்காரன் பேட்ஜுக்குத்தானே பணம் தருகிறான்?

தருகிறான். ஏமாந்தவன் மறுமுறை இந்தியாவிலிருந்து வருகிற நல்ல வண்டியையும் நம்ப மாட்டான். நேர்மையாக வேலை செய்கிற டிங்கரிங்காரரின் பிழைப்பு அதில்தான் போகிறது. இந்த விஷயத்தில் நான் இறங்கி வரமாட்டேன் சார்.

வீரவநல்லூர்: 1968 வண்டி. ஆர்.சி. புதுப்பிக்கவா, விண்டேஜ் பதிவு வாங்கவா?

தினமும் ஓட்டுகிறவர் சாதாரணமாகவே புதுப்பியுங்கள். 15 ஆண்டுக்குப் பிறகு ஐந்தைந்து ஆண்டாகத் தருவார்கள். 50 ஆண்டு தாண்டிய வண்டிக்கு 2021-ல் வந்த விண்டேஜ் விதியில் 'விஏ' வரிசை எண் உண்டு. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும். ஆனால் கண்காட்சி, ரேலி, ரிப்பேர், பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் இறக்கலாம். சந்தைக்குப் போய்வர முடியாது.

சேரன்மகாதேவி: பஞ்சர்க்காரர் ரிம்மைக் கழற்றத் தெரியாது என்கிறார்.

இதை எல்லோரும் படியுங்கள். லாம்ப்ரெட்டா ரிம் இரண்டு பாதியாக நட்டு போட்டு இணைத்தது. டியூபில் காற்று இருக்கும்போது அந்த நட்டுகளைக் கழற்றினால் ரிம் பாதி முகத்தில் வந்து அடிக்கும். வால்வு ஊசியைப் பிடுங்கி, காற்று முழுக்கப் போன பிறகுதான் ஸ்பேனரை வைக்க வேண்டும். பஞ்சர் கடைப் பையனிடம் வண்டியை விட்டுவிட்டு டீக்குப் போகாதீர்கள். பக்கத்திலேயே நில்லுங்கள்.

கடையம்: லிட்டருக்கு எத்தனை மில்லி ஆயில்?

வள்ளியூர்க்காரருக்குச் சொன்னது.

திசையன்விளை: டுகாட்டி வால்வு செட்டிங் தெரியுமா?

அது இத்தாலி மோட்டார் சைக்கிள், பெரும்பாலும் டெஸ்மோ என்கிற முறை. வால்வைத் திறப்பதற்கு ஒரு ராக்கர், மூடுவதற்கு ஒரு ராக்கர். என் கை போகிற இடமில்லை. அதைப் படித்தவர்களிடம் கொடுங்கள்.

சங்கரன்கோவில்: வண்டி சீஸ் ஆகுது, போரிங் போடலாமா?

போடாதீங்க. சீலைப் பாருங்க. முதல் பதிலைப் படிச்சிட்டு, நுரை எங்கே வந்தது என்று எழுதுங்க, அதற்கப்புறம் பேசுவோம்.

ஆலங்குளம்: எத்தனை மில்லி?

புஷ்ஷா, ஊசி பேரிங்கா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

தென்காசி: அண்ணாச்சி, அச்சு எடுத்தேன். கடைசி மூணு எண் மட்டும் ஆழம் குறைவு. சுத்தி இரும்பு கொஞ்சம் பள்ளமா இருக்கு. ஆர்.சி.யைக் கேட்டா, டியூப்ளிகேட் வரணும், முதல்ல முன்பணம் குடுங்க என்கிறார்.

முன்பணம் கொடுக்காதீங்க. அந்தத் தாளைப் பத்திரமா வைங்க. வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்க.