ஈடியை விட்டுவிட்டு மற்ற நால்வரைப் பிடித்த கதை: கல்லூரிக் கூடைப்பந்து கேள்வி-பதில்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் ஆட்டத்துக்கு முந்தைய நாள் வரும் எண்களை எப்படிப் படிப்பது என்பதுதான் இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை.

ஓர் அணி சராசரியாக 85 புள்ளி எடுக்கிறது, இன்னொன்று 70 தான். முதல் அணியின் தாக்குதல்தானே சிறந்தது?

எத்தனை வாய்ப்பில் எடுத்தார்கள் என்று தெரியாமல் சொல்ல முடியாது. பந்து ஓர் அணியின் கைக்கு வந்து மறுபடி எதிரணியிடம் போகும்வரை ஒரு பொசஷன். கல்லூரியில் ஷாட் கிளாக், அதாவது ஒரு பொசஷனில் ஷாட் எடுப்பதற்கான கெடு, 30 விநாடி. அதை முழுக்கப் பயன்படுத்தி நிதானமாக ஆடும் அணிகள் உண்டு. பந்து கிடைத்ததுமே எதிர் ரிங்குக்கு ஓடும் அணிகளும் உண்டு. 80 பொசஷனில் 85 என்றால் நூறு பொசஷனுக்கு 106. 60 பொசஷனில் 70 என்றால் நூற்றுக்கு 117-ஐ நெருங்குகிறது. இரண்டாவது அணிதான் மேல்.

பொசஷனை நீங்களே கணக்கிடலாம். எடுத்த ஷாட்களிலிருந்து தாக்குதல் ரீபவுண்டுகளை (விழாத தன் ஷாட்டைத் தானே திரும்பப் பிடிப்பது) கழியுங்கள், டர்னோவரை (ஷாட் எடுக்காமலே பந்தை இழப்பது) கூட்டுங்கள், ஃப்ரீ த்ரோ (எதிரணியின் ஃபவுலுக்குக் கிடைக்கும் தடையில்லாத ஷாட்) எண்ணிக்கையை 0.475-ஆல் பெருக்கிச் சேருங்கள். புள்ளிவிவர ஆய்வாளர் கென் பாமராயின் அணித் தரவரிசைக்கும் இந்த நூறு பொசஷன் கணக்குதான் அடிப்படை. எதிரணி எவ்வளவு பலமானது என்பதையும் பார்த்து அவர் எண்களைத் திருத்துகிறார். பலவீனமான அணிகளோடு ஆடிக் குவித்த புள்ளிகள் அங்கே அவ்வளவாக எடுபடாது.

சார், எதிரணியில் ஏழடிக்கு மேல் ஒரு சென்டர் (ரிங்குக்கு அருகே ஆடும் உயரமானவர்) இருந்தால் இரண்டு பேரை வைத்துப் பிடிப்பதா, ஒருவரை வைத்தா?

இதற்கு மட்டும் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். ஒரே ஆட்டக்காரருக்கு எதிராக நேர்மாறான இரண்டு திட்டங்கள் வென்றதை நாம் பார்த்திருக்கிறோம்.

பர்டியூ அணியின் ஸாக் ஈடி 7 அடி 4 அங்குலம். 2023 மார்ச்சில், தேசியப் பட்டத்துக்கான NCAA போட்டியில், முதல் நிலை அணியான பர்டியூ, 16-ஆம் நிலையிலிருந்த (போட்டிக்கு முன் பலத்தை வைத்துத் தரும் வரிசை எண்) ஃபேர்லி டிக்கின்சனிடம் 63-58 என்று தோற்றது. கல்லூரி விளையாட்டின் மேல்மட்டப் பிரிவான டிவிஷன் 1 அணிகளிலேயே உயரம் குறைந்த அணி ஃபேர்லி டிக்கின்சன்தான். ஈடிக்கு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் என்று நின்று, உள்ளே பாஸ் வருவதையே தடுத்தார்கள். வெளியே நின்றவர்களுக்கு இடம் கிடைத்தது. அந்த இடத்திலிருந்து பர்டியூ எடுத்த மூன்று புள்ளி ஷாட்கள் (வளைகோட்டுக்கு வெளியிலிருந்து போடுபவை) 26, விழுந்தவை 5.

மறு ஆண்டு அதே ஈடி அந்தப் போட்டியின் இறுதி ஆட்டத்துக்கு வந்தார். 2024 ஏப்ரல் 8, எதிரே கனெக்டிகட், அதாவது யூகான். பழைய திட்டத்தையே கையில் எடுத்திருந்தால் யூகான் மாட்டிக்கொண்டிருக்கும். இந்த ஓராண்டில் பர்டியூவின் வெளி ஷாட் அடியோடு மாறியிருந்தது. மூன்று புள்ளியில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் போட்டு, நாட்டின் முன்னணி அணிகளில் ஒன்றாக நின்றது. அந்த அணிக்கு எதிராக ஈடியிடம் இரண்டாவது ஆளை அனுப்பினால், அவர் தலைக்கு மேலிருந்தே பந்தை வெளியே தள்ளுவார். அங்கே காத்திருப்பவர் போட்டுவிடுவார்.

யூகான் பயிற்சியாளர் டேன் ஹர்லி, 7 அடி 2 அங்குல டானவன் கிளிங்கனைப் பெரும்பாலும் தனியாகவே ஈடியிடம் விட்டார். மற்ற நால்வரும் தங்கள் ஆளை விட்டு நகரவில்லை. ஈடி 37 புள்ளி, 10 ரீபவுண்ட். எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு யூகானின் தடுப்பு தோற்றுவிட்டது போலத் தெரியும். ஆனால் பர்டியூவில் மற்ற எல்லாரும் சேர்ந்து எடுத்தது 23 தான். வழக்கமாக ஓர் ஆட்டத்தில் சுமார் 20 மூன்று புள்ளி ஷாட் எடுக்கும் பர்டியூவுக்கு அன்று எடுக்க முடிந்தது 7, விழுந்தது 1. முடிவு 75-60. யூகான் அடைத்தது ஈடியை அல்ல, ஈடியிடமிருந்து வெளியே வரும் பாஸை.

ஆகவே உங்கள் கேள்விக்கு விடை அந்தச் சென்டரிடம் இல்லை. அவரைச் சுற்றி நிற்கும் நால்வர் எப்படி ஷாட் போடுகிறார்கள், உங்களிடம் அவர் முன் தனியாக நிற்கக்கூடிய ஆள் இருக்கிறாரா, இந்த இரண்டிலும்தான் இருக்கிறது. கிளிங்கன் போன்ற ஒருவர் இல்லாத அணி யூகானின் திட்டத்தைக் கடன் வாங்கக் கூடாது.

எதிராளிகளின் மூன்று புள்ளி ஷாட்டை 28 சதவீதத்தில் நிறுத்தும் அணி என்று போடுகிறார்கள். அதை நம்பலாமா?

அந்தச் சதவீதத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கையை விட்டுப் போன பந்து விழுவதும் விழாததும் பெரும்பாலும் போடுபவரைப் பொறுத்தது. பத்து ஆட்டத்தில் 28 என்று இருப்பது அடுத்த பத்தில் 35 ஆகலாம். எத்தனை ஷாட் எடுக்க விட்டார்கள் என்பதைப் பாருங்கள், அது பயிற்சியாளரின் கையில் இருப்பது. யூகான் சாதித்ததும் அதைத்தான்: 7 முயற்சி.

ரீபவுண்டில் மேலோங்கும் அணிதான் வெல்லும் என்று எங்கள் கோச் சொல்வார். சரியா?

பாதி சரி. ஆட்டத்தைத் தீர்மானிப்பவை என்று புள்ளிவிவர ஆய்வாளர் டீன் ஆலிவர் நான்கைச் சொன்னார்: ஷாட்டின் தரம், டர்னோவர், தாக்குதல் ரீபவுண்ட், ஃப்ரீ த்ரோ வாங்கும் திறன். எடை ஏறத்தாழ 40, 25, 20, 15 சதவீதம். ரீபவுண்ட் மூன்றாவது இடத்தில்தான் வருகிறது.

பெண்கள் பிரிவில் சௌத் கரோலைனாவும் அயோவாவும் மோதிய இரண்டு ஆட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2023 அரையிறுதியில் அதுவரை தோல்வியே காணாத சௌத் கரோலைனா ரீபவுண்டில் அயோவாவை அமுக்கியும் 77-73 என்று தோற்றது. வெளியிலிருந்து போடத் தயங்கியவர்களை அயோவா விட்டுவிட்டு உள்ளே கூட்டம் சேர்த்தது; மறுபக்கம் கேட்லின் கிளார்க் 41 புள்ளி குவித்தார். 2024 இறுதியில் பயிற்சியாளர் டான் ஸ்டேலியின் சௌத் கரோலைனா அதே உயரத்தோடும் ஆனால் திருந்திய வெளி ஷாட்டோடும் வந்தது. மூன்று புள்ளியில் 19-க்கு 8. இனி யாரையும் விட்டுவிட்டு உள்ளே போக முடியாது என்றானதும் ரீபவுண்டின் முழுப் பலனும் கிடைத்தது: ரீபவுண்ட் 51-29, இரண்டாம் முயற்சியில் வந்த புள்ளிகள் 30-8, ஆட்டம் 87-75. தோற்ற அந்த ஆண்டின் குறையை ஒளித்து வைக்காமல் உட்கார்ந்து சரிசெய்த அணி அது. அந்த உழைப்பை நான் மிகவும் மதிக்கிறேன்.

2025 ஆண்கள் இறுதியில் ஃப்ளோரிடாவின் வால்டர் கிளேட்டன் முதல் பாதியில் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. பிறகு எப்படி அந்த அணி வென்றது?

எதிரணியான ஹூஸ்டன், அவர் பந்தோடு ஸ்கிரீனை (தடுப்பவரை மறித்து நிற்கும் சக ஆட்டக்காரரை) சுற்றி வரும்போதெல்லாம் இரண்டு பேரை அனுப்பியது. இருவர் ஒருவரிடம் போனால் மீதி மூவர் நால்வரைப் பார்க்க வேண்டும். அந்தச் சந்தில் வில் ரிச்சர்ட் மொத்தம் 18 புள்ளி எடுத்தார், பெரும்பகுதி முதல் பாதியிலேயே. இரண்டாம் பாதியில் 12 புள்ளி முன்னிலையில் இருந்த ஹூஸ்டன் கடைசியில் 65-63 என்று இழந்தது. கடைசி வாய்ப்பில் அவர்களால் ஷாட்டே எடுக்க முடியவில்லை, ஓடிவந்து தடுத்தவர் அதே கிளேட்டன். அவருடைய மொத்தம் 11 தான்.

எங்கள் கல்லூரி அணியில் கணக்கெடுக்க ஒரே ஒருவர். கம்ப்யூட்டர் இல்லை. எதை எழுதச் சொல்வது?

ஒரு தாள், நடுவில் ஒரு கோடு, இடப்பக்கம் நீங்கள், வலப்பக்கம் எதிரணி. ஷாட், ரிங்குக்கு அடியிலா, கோட்டுக்கு வெளியிலா, இரண்டுக்கும் நடுவிலா என்று மட்டும் பிரித்துக் குறிக்கட்டும், விழுந்தால் வட்டம். டர்னோவருக்கு ஒரு வரிசை, தாக்குதல் ரீபவுண்டுக்கு ஒரு வரிசை, ஃப்ரீ த்ரோவுக்கு ஒரு வரிசை. யார் எத்தனை புள்ளி என்பது ஸ்கோர் ஷீட்டிலேயே இருக்கும், அதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். அதற்குப் பதிலாக, எதிரணியில் வெளியே ஆளில்லாமல் நின்றும் ஷாட் எடுக்கத் தயங்குபவரின் ஜெர்சி எண்ணை ஓரத்தில் குறிக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை அவர்களோடு ஆடும்போது உங்கள் இரண்டாவது ஆளை எங்கிருந்து எடுப்பது என்பதை அந்த எண் சொல்லிவிடும்.