தோளில் எழும்பும் நீர்க்கட்டி: இறைக்க இறைக்க ஏன் ஊறுகிறது?

கேள்வி: என் அப்பாவுக்கு 72 வயது. வலது தோளின் உச்சியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. வலி அதிகமில்லை, ஆனால் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. ஊசியால் நீரை எடுத்தார்கள். மூன்றே வாரத்தில் மறுபடியும் வந்துவிட்டது. எம்.ஆர்.ஐ. அறிக்கையில் ரொட்டேட்டர் கஃப் முழுமையாகக் கிழிந்திருப்பதாக எழுதியிருக்கிறது. கட்டியை அறுத்து எடுத்துவிடலாமா?

பதில்: கட்டியை மட்டும் எடுக்க வேண்டாம். போகிற போக்கில் கடைசியில் சொல்லியிருக்கிறீர்களே, அந்தக் கிழிசல்தான் இங்கே மூலம்.

முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பட்டையைக் ‘கஃப்’ என்போம் அல்லவா? அதுபோல நான்கு தசைகளின் நாண்கள் மேற்கை எலும்பின் பந்தைச் சுற்றிப் பிடித்திருக்கின்றன. பந்தைக் குழியின் நடுவில் நிறுத்துவது அவற்றின் வேலை. மூட்டுக்குள் இருக்கும் வழவழப்பான நீர் மேலே போகாமல் தடுக்கும் கூரையும் அவையே. கூரை கிழிந்தால் இரண்டும் கெடும். பந்து மெல்ல மேலே ஏறி, காறை எலும்பும் தோள்பட்டை எலும்பின் நுனியும் சேரும் சின்ன மூட்டின் அடியில் உரசும். நாளடைவில் அந்த மூட்டின் உறை தேய்ந்து ஓட்டை விழும். பிறகு கையை அசைக்கும்போதெல்லாம் நீர் அந்த ஓட்டை வழியாக மேலேறித் தோலுக்கு அடியில் தேங்குகிறது. மூட்டுக்குள் சாயம் செலுத்திப் படம் எடுத்தால் அது மேல்நோக்கிப் பீறிடுவது தெரியும். ‘கீசர் அறிகுறி’ என்று அதற்குப் பெயர். குளியலறைக் கருவியை நினைக்க வேண்டாம், நிலத்திலிருந்து பீய்ச்சியடிக்கும் வெந்நீர் ஊற்றைச் சொல்கிறார்கள்.

ஊசியில் வருவது முட்டையின் வெள்ளைக்கரு போலப் பிசுபிசுப்பான, இளமஞ்சள் நீர். தோள் தட்டையாவதைப் பார்த்தால் நோயாளிக்கும் மருத்துவருக்கும் மகிழ்ச்சிதான். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அப்படி மகிழ்ந்திருக்கிறேன். ஊற்றுக்கண் திறந்திருக்கும்வரை கிணறு வற்றாது. அதோடு, கட்டியின் மேல்தோல் இழுபட்டு மெலிந்திருப்பதால் ஊசி குத்திய துளை ஆறாமல் கசியத் தொடங்கலாம். அந்த வழியே கிருமி நுழைந்தால் நேரே மூட்டுக்குள்தான் போகும். எனவே, சீழோ வேறு வகைக் கட்டியோ என்ற சந்தேகம் இருந்தால் மட்டுமே மறுபடி ஊசி.

இருட்டில் டார்ச் விளக்கை ஒட்டிப் பிடித்தால் நீர்க்கட்டி சிவப்பாக ஒளிரும். ஒளிராமல் கெட்டியாக இருந்தாலோ வேகமாக வளர்ந்தாலோ காத்திருக்காதீர்கள். தோல் சிவந்து சுட்டாலும், காய்ச்சல் வந்தாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

எல்லாத் தோள் நீர்க்கட்டிக்கும் இந்தக் கணக்குப் பொருந்தாது. கஃப் நன்றாக இருந்து, மேலே உள்ள சின்ன மூட்டு மட்டும் தேய்ந்திருந்தால், கட்டியையும் காறை எலும்பின் தேய்ந்த நுனியையும் எடுத்தாலே பெரும்பாலும் போதும். தோளின் பின்புறம் ஆழத்தில் நரம்பை அழுத்தும் கட்டி முற்றிலும் வேறு கதை.

இனி உங்கள் அப்பாவுக்கு என்ன செய்யலாம்? கிழிந்த நாணைத் தைக்க முடியுமா என்பதைப் பொறுத்தே எல்லாம். அறிக்கையில் இரண்டு விவரங்களைத் தேடுங்கள்: நாண் எவ்வளவு தூரம் பின்வாங்கியிருக்கிறது, தசை எந்த அளவு கொழுப்பாக மாறியிருக்கிறது. இரண்டும் அதிகமென்றால் தையல் நிற்காது. வலி குறைவு என்பதால், பிசியோதெரபியில் தோளின் வெளித்தசையை வலுவாக்கிக்கொண்டு கட்டியை அப்படியே விட்டுவைப்பது இந்த வயதில் கௌரவமான முடிவுதான். பார்க்க அழகாக இருக்காது, அவ்வளவே. மூட்டே தேய்ந்து வலி தூக்கத்தைக் கெடுத்தால் ‘ரிவர்ஸ்’ தோள் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை இருக்கிறது. பந்து இருந்த இடத்தில் குழியையும், குழி இருந்த இடத்தில் பந்தையும் பொருத்துவார்கள். கிழிந்த கஃபின் உதவியில்லாமல் வெளித்தசையே கையைத் தூக்கும். அதன்பின் கட்டி தானாக வற்றிவிடுவதும் உண்டு. அப்பா சமீபத்தில் விழுந்து, அதன் பிறகுதான் கை திடீரெனத் தூக்க முடியாமல் போனது என்றால் மட்டும் தாமதிக்காதீர்கள். புதிய கிழிசலைத் தைப்பதற்குக் காலம் முக்கியம்.

அதுவரை கட்டியை அமுக்கிப் பார்க்காமல் இருக்கச் சொல்லுங்கள். பையை இடது தோளில் மாட்டட்டும். வலது தோளில் வார் உரசி அந்த மெல்லிய தோல் கிழிந்துவிடக்கூடாது.