கோழிக்கும் டைனோசருக்கும் என்ன உறவு? வாசகர் கேள்விகளும் பதில்களும்

டைனோசரிலிருந்துதான் கோழி வந்தது என்று என் பேத்தி அடித்துச் சொல்கிறாள். உடும்பு என்றால்கூட நம்பலாம். இது உண்மையா சார்?
*– இல்லத்தரசி, குடியாத்தம்*

பேத்தி சொன்னது சரிதான் அம்மா. சந்தேகம் இருந்தால் வரும் ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் துண்டு போடாமல் முழுக்கோழியாக வாங்கி வாருங்கள். வெந்ததும் கழுத்துக்கும் நெஞ்சுக்கும் நடுவே விரலை விட்டுப் பாருங்கள். உண்டிவில்லுக்குத் தேடுவோமே, அந்தக் கவட்டை மாதிரியே மெல்லிசாக ஓர் எலும்பு வரும். இரண்டு காறையெலும்புகள் ஒட்டி ஒன்றானது அது. டைரனோசரஸுக்கும் அது இருந்தது.

அடுத்து இறக்கையின் நுனி. தோலை உரித்தால் மூன்று விரல்கள் தெரியும். ஒன்று சின்னக் குச்சி, மற்ற இரண்டும் ஏறக்குறைய ஒட்டிப்போனவை. இறைச்சி தின்ற இருகால் டைனோசர்களிலும் பலவற்றுக்கு மூன்றே விரல்கள். வளர்ந்த நாட்டுக்கோழியின் இறக்கையில் தோளை ஒட்டிய எலும்பை உடைத்தால் மஜ்ஜை இருக்காது, காற்றுதான். இதுவும் அந்த வழி வந்த சொத்து.

1964-ல் அமெரிக்காவின் மொன்டானாவில் டைனோனிகஸ் என்ற டைனோசரைத் தோண்டியெடுத்த ஜான் ஆஸ்ட்ரம், அதன் மணிக்கட்டில் பிறைநிலா வடிவில் ஓர் எலும்பைக் கண்டார். கையைப் பக்கவாட்டில் மடக்க உதவும் எலும்பு. கோழி இறக்கையை மடித்து ஒடுக்கிக்கொள்வதும் அதே பாணியில்தான். இந்த உறவை 19-ஆம் நூற்றாண்டிலேயே தாமஸ் ஹக்ஸ்லி சொல்லியிருந்தார். நடுவில் மறந்துபோனதை ஆஸ்ட்ரம் தூசி தட்டி எடுத்தார்.

அப்புறம், உடும்பு என்றீர்களே. இன்று உயிரோடு இருப்பவற்றில் பறவைக்கு நெருங்கிய சொந்தம் உடும்பு அல்ல, முதலை.

ஆர்க்கியாப்டெரிக்ஸ்தான் முதல் பறவை என்று படித்தோம். இப்போது இல்லை என்கிறார்களாமே?
*– கல்லூரி மாணவர், காட்பாடி*

தேர்வில் ஆர்க்கியாப்டெரிக்ஸ் என்றே எழுதுங்கள், மதிப்பெண் முக்கியம். ஆனால் ‘முதல் பறவை’ என்ற பேச்சே எனக்கு ஒப்பாது. எந்தப் பிறந்த நாளோடு குழந்தைப் பருவம் முடிந்தது என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

ஜெர்மனியின் சோல்ன்ஹோஃபன் பகுதியில் லித்தோ என்ற கல்லச்சுக்காக வெட்டியெடுத்த சுண்ணாம்புக் கல்லில் கிடைத்தது அது. வயது சுமார் 15 கோடி ஆண்டு. மாவு போல நைசான சேறு இறுகிய கல் என்பதால் இறகின் தடம்கூட அப்படியே பதிந்திருக்கிறது. 1861-ல் பெயர் சூட்டினார்கள். மறு ஆண்டே லண்டன் அருங்காட்சியகம் 700 பவுன் கொடுத்து, இதோடு இன்னும் பல புதைபடிவங்களையும் சேர்த்து வாங்கியது. வாயில் பல், விரலில் நகம், பல்லி போல நீண்ட எலும்பு வால், கூடவே இறகு. எல்லாம் ஒரே உடம்பில்!

1951-ல் கிடைத்த இன்னொன்றின் கதைதான் எனக்குப் பிடித்தது. இறகுத் தடம் மங்கலாக இருந்ததால் அதைச் சின்ன டைனோசர் என்றே 20 ஆண்டு நினைத்துக்கொண்டிருந்தார்கள். இறகை மறைத்துவிட்டால் நிபுணர்களுக்கே வித்தியாசம் தெரியவில்லை!

இப்போது போட்டிக்கு வந்திருப்பது சீனாவின் ஃபூஜியான் மாகாணத்துப் பாமினோர்னிஸ். 2025-ல் அறிவித்தார்கள். இதுவும் ஏறக்குறைய அதே காலத்தது, ஆனால் வால் எலும்பு இன்றைய பறவைகளைப் போலவே குறுகியது. அப்படியென்றால் பறவைகளின் தொடக்கம் அதைவிடவும் பழைய காலத்தில் இருக்கிறது.

பறக்காத டைனோசருக்கு இறகு எதற்கு?
*– ஆசிரியை, ஆம்பூர்*

அடைக்கோழியைக் கையால் தொட்டுப் பார்த்தவர்களுக்கு விடை பாதி தெரியும். குளிருக்குப் போர்வைதான் முதல் வேலையாக இருந்திருக்க வேண்டும். 1996-ல் சீனாவின் லியாவ்னிங்கில் வெளிப்பட்ட சைனோசாராப்டெரிக்ஸின் உடம்பில் பறக்கும் இறகு இல்லை, கோழிக்குஞ்சின் மேல் இருப்பது போன்ற பஞ்சுதான். மங்கோலியாவின் கோபிப் பாலைவனத்தில் முட்டைகளின் மேல் கைகளை விரித்து உட்கார்ந்த நிலையிலேயே ஒரு டைனோசர் கிடைத்திருக்கிறது. இணையை மயக்கவும் இறகு உதவியிருக்கலாம். பறப்பது பிறகு வந்தது.

படங்களில் டைனோசருக்கெல்லாம் நிறம் தீட்டுகிறார்களே, கற்பனைதானே?
*– ராணிப்பேட்டை வாசகர்*

2010 வரை அப்படித்தான். இறகில் நிறமி தங்கும் நுண்ணிய பைகள் கல்லாகியும் மிஞ்சியிருக்கின்றன. நீளமாக இருந்தால் கறுப்பு, உருண்டையாக இருந்தால் செம்பழுப்பு. இப்படிப் பார்த்துத்தான் சைனோசாராப்டெரிக்ஸின் வாலில் செம்பழுப்பு, வெள்ளை வரிகள் என்று கண்டார்கள். எல்லா உயிரின் நிறமும் இப்படித் தெரிந்துவிடவில்லை. பச்சையும் ஊதாவுமாக இருக்கும் படங்களில் பாதி ஓவியரின் ஆசை.

வீடு கட்ட வந்த கருங்கல்லில் இறகு பதிந்திருக்கிறது. படம் அனுப்பியுள்ளேன்.
*– சத்துவாச்சாரி வாசகர்*

அழகாக இருக்கிறது, ஆனால் இறகு அல்ல. விரிசலில் நீர் ஊறி மாங்கனீசு ஆக்சைடு படிந்து, பெரணிச் செடி போலக் கிளை விட்டிருக்கிறது. உற்றுப் பாருங்கள், நடுவில் தண்டு இல்லை. வேலூர்ப் பக்கத்து மலைகள் சுமார் 250 கோடி ஆண்டுப் பழைய பாறைகள். பறவை என்ன, எலும்புள்ள எந்த உயிரும் அப்போது பிறக்கவில்லை. கோட்டைச் சுவரில் தேடினாலும் கிடைக்காது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் போனால் டைனோசர் காலத்துச் செடிகளின் படிவங்கள் உண்டு.

மகனின் பிறந்த நாளுக்கு இணையத்தில் சீனப் பறவைப் புதைபடிவம் வாங்கலாமா?
*– வேலூர் வியாபாரி*

வேண்டாம். ஒன்று, சீனச் சட்டம் அனுமதியில்லாமல் அவற்றை வெளியே விடாது. இரண்டு, ஒட்டுவேலை அதிகம். 1999-ல் டைனோசருக்கும் பறவைக்கும் நடுவிலான உயிர் என்று ஒரு சீனப் புதைபடிவத்தை, ஆர்க்கியோராப்டர் என்ற பெயரில், நேஷனல் ஜியாகிராஃபிக் இதழே பெருமையாக வெளியிட்டது. அதே வால் பதிந்த கல்லின் மறுபாதியைச் சீனாவில் புதைபடிவ ஆய்வாளர் சூ சிங் கண்டுபிடித்ததும் குட்டு வெளிப்பட்டது. முன்பாதி ஒரு பறவை, வால் மைக்ரோராப்டர் என்ற டைனோசருடையது, நடுவில் பசை.

பையனுக்கு நல்ல பூதக்கண்ணாடி ஒன்று வாங்கிக்கொடுங்கள். காட்பாடியில் விழுப்புரம் ரயிலேறி, அங்கே மாறினால் அரியலூர். பக்கத்து வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. பறவை இல்லாவிட்டாலும், பத்துக் கோடி ஆண்டுக்கு முன் நம் நிலத்தின் மேல் அலையடித்த கடலின் சுருள்சிப்பிகளைப் பார்க்கலாம். கிளம்பும் முன் அது திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.