இத்தாலியில் முதல்முறையாக கார் வாடகைக்கு எடுக்கப்போகிறேன். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

கிளம்பும் முன்பே ஆர்.டி.ஓ.வில் படிவம் 4ஏ கொடுத்து சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிவிடுங்கள். கட்டணம் 1,000 ரூபாய், ஓராண்டு செல்லும். அசல் லைசென்ஸும் கையில் இருக்க வேண்டும்.

கவுண்டரில் பலர் மாட்டிக்கொள்வது கார்டில்தான். வண்டி ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள். அதில் டெபாசிட்டை முடக்கி வைப்பார்கள். லிமிட் போதாவிட்டால் சாவி கிடைப்பது சந்தேகம்.

சாவி வாங்கியதும் ரிம், பம்பரின் அடிவிளிம்பு, பெட்ரோல் முள் எல்லாவற்றையும் வீடியோ எடுங்கள். வாடகை ஒப்பந்தத் தாளில் இல்லாத கீறலை அங்கேயே எழுத வையுங்கள். பெட்ரோல் பங்கில் 'பென்சினா' என்றால் பெட்ரோல், 'கசோலியோ' டீசல். பேரைப் பார்த்து மாற்றி ஊற்றிவிடாதீர்கள்!

பெரிய செலவு வைப்பது இசட்.டி.எல். (ZTL) எனப்படும் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பகுதி. ரோம், ஃப்ளோரன்ஸ் போன்ற ஊர்களின் பழைய நகரப் பகுதிக்குள் அனுமதியில்லாத வண்டி நுழையக் கூடாது. நுழையும் இடத்தில் சிவப்பு விளிம்பிட்ட வெள்ளை வட்டப் பலகை, மேலே கேமரா இருக்கும். மின்பலகையில் 'வார்கோ அத்திவோ' என்று ஒளிர்ந்தால் வழி திறந்திருக்கிறது என்று பொருளல்ல, தடை அமலில் இருக்கிறது. வழி தெரியாமல் மூன்று முறை சுற்றினால் மூன்று அபராதம். நோட்டீஸ் மாதங்கள் கழித்து வரும். உங்கள் முகவரியைக் கொடுத்ததற்கு வாடகை நிறுவனம் தனியே ஒரு கட்டணம் பிடிக்கும். ஹோட்டல் உள்ளே இருந்தால், வண்டி எண்ணைப் பதிவு செய்ய முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள்.