மளிகையும் மருந்தும் விற்கும் கடைகளுக்கு ஆன்லைன் தளம் கட்ட மூன்று மாதம் போதுமா?

கேட்டவர் சொன்னதன் சுருக்கம் இது: பல கிளைகள் உள்ள மளிகை, மருந்துக் கடை நிறுவனம் ஒன்றுக்கு ஆன்லைன் ஆர்டர் தளம் கட்டும் வேலை அவருடைய சின்ன டீமுக்கு வந்திருக்கிறது. மூன்று மாதம் கெடு. பொருள் பட்டியல், ஸ்டாக் எல்லாம் பில்லிங் சிஸ்டத்தில் தயாராக இருக்கிறதாம். எதில் ஆரம்பிக்கலாம் என்று கேட்கிறார்.

அந்தத் "தயாராக இருக்கிறதாம்" என்ற வார்த்தையைப் பார்த்ததும் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். எங்களிடமும் இதையேதான் சொன்னார்கள். ஆறு மாதம் என்று ஒப்புக்கொண்ட வேலை பதினான்கு மாதம் இழுத்தது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். நான் இப்போது அங்கே இல்லை, அவர்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பெரிய ஆர்க்கிடெக்ட் எல்லாம் இல்லை, புரோகிராம் எழுதிய நான்கு பேரில் ஒருவன். "ஷாப்பிஃபை, மெஜென்டோ மாதிரி ஆயத்த ஆன்லைன் கடை மென்பொருள் எல்லாம் இருக்கும்போது இதை ஏன் கட்டிக்கொண்டு அழுதீர்கள்" என்று கேட்க ஒருவர் நிச்சயம் வருவார். அவருக்கு: கூடை, கூப்பன், பணம் கட்டும் பக்கம் இவற்றை ஆயத்தமாகவே எடுத்துக்கொள்ளுங்கள், நானும் அதைத்தான் சொல்வேன். எங்களைப் படுத்தியது அதில் எதுவும் இல்லை.

முதலில் அந்தப் பட்டியல். எடை போட்டு விற்கும் பொருளுக்குக் கடைக்குள்ளேயே ஸ்டிக்கர் அடித்து ஒட்டுவார்கள், பார்த்திருப்பீர்கள். அந்த 13 இலக்க பார்கோடு பெரும்பாலும் 2 என்ற எண்ணில் தொடங்கும். 20 முதல் 29 வரையிலான தொடக்க எண்கள் இந்த மாதிரி உள் உபயோகத்துக்கென்றே ஒதுக்கப்பட்டவை. பொருளின் எண்ணோடு அந்தக் குறிப்பிட்ட பொட்டலத்தின் எடையோ விலையோ அதற்குள்ளேயே பொதிந்திருக்கும். எனக்கு அது தெரியாது. பழைய விற்பனைப் பதிவிலிருந்து பொருட்களை உருவி எடுக்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். ஒரு பார்கோடு என்றால் ஒரு பொருள், அவ்வளவுதான் என் கணக்கு. ராத்திரி ஓடவிட்டுவிட்டுப் போனேன். காலையில் வந்து பார்த்தால் தளத்தில் ஆறாயிரத்துச் சொச்சம் வாழைப்பழம். ஒவ்வொன்றும் தனித்தனிப் பொருள், ஒவ்வொன்றுக்கும் தனி விலை, படம் மட்டும் இல்லை. டீமில் இரண்டு மாதம் எனக்கு அதுதான் பெயர்.

சிரிப்பு ஒருபக்கம் இருக்கட்டும், எடை விஷயம் பணம் கட்டும் பக்கம் வரைக்கும் துரத்திக்கொண்டு வரும். ஒரு கிலோ கேட்டவருக்குத் தராசில் 1,080 கிராம் வரும். அதனால் ஆர்டர் போடும்போது கார்டில் கொஞ்சம் கூடுதல் தொகையை நிறுத்தி மட்டும் வைத்து, எடை போட்ட பிறகு சரியான தொகையை எடுக்க வேண்டும். முதலிலேயே முழுத் தொகையை எடுத்துவிட்டுப் பிறகு மீதியைத் திருப்பித் தருகிறேன் என்று போனால், அந்தச் சில்லறை வாடிக்கையாளர் கணக்குக்குப் போய்ச் சேருவதற்குள் உங்கள் போன் லைன் நிரம்பிவிடும்.

அடுத்து ஸ்டாக். பில்லிங் சிஸ்டம் "4" என்று சொன்னால் அலமாரியில் நான்கு இருக்கிறது என்று தயவுசெய்து நம்பாதீர்கள். உடைந்தது, திருடு போனது, யாரோ எடுத்து வேறு அலமாரியில் வைத்துவிட்டுப் போனது, இன்னும் பில் போடாமல் ஒருவர் தள்ளுவண்டியில் சுற்றிக்கொண்டிருப்பது, இவை எல்லாமே அந்த நான்கில் அடக்கம். எனக்கு மிகவும் பிடித்த காரணம் வேறு ஒன்று. ஒரே விலையில் ஆறு சுவைகளில் தயிர் வாங்குகிறார் ஒருவர். கேஷியர் அவசரத்தில் ஒரே டப்பாவை ஆறு முறை ஸ்கேன் செய்கிறார். பில் தொகை சரி, யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் ஸ்டாக்கில் ஒரு சுவை ஐந்து குறைந்துவிட்டது, மற்ற ஐந்தும் ஒவ்வொன்று கூடிவிட்டது. இது தினமும் ஒவ்வொரு கவுண்டரிலும் நடக்கிறது. கேஷியரைக் குறை சொல்லாதீர்கள், பின்னால் வரிசை நிற்கிறது.

நாங்கள் கண்ட வழி இரண்டு. ஒன்று, கணக்கில் இரண்டு மூன்று மட்டுமே மிச்சம் என்றால் ஆன்லைனில் "இல்லை" என்று காட்டுவது. இன்னொன்று இதைவிட உதவியது: கடைசியாக எப்போது விற்றது என்று பார்ப்பது. தினமும் போகிற பொருள் மூன்று நாளாக ஒன்றுகூட விற்கவில்லை, ஆனால் கணக்கில் நான்கு இருக்கிறது என்றால் அந்த நான்கும் பேய். மறைத்துவிடுங்கள்.

"தனிக் கிடங்கு வைத்தால் இந்தத் தொல்லையே இல்லையே" என்று உங்கள் மேலாளர் சொல்லக்கூடும். எங்கள் மேலாளர் சொன்னார். சொன்னதில் தவறில்லை, கிடங்கில் கணக்கு ஓரளவு சுத்தமாக இருக்கும். அவருக்கு வெப்வேன் என்ற ஆன்லைன் மளிகை நிறுவனத்தின் கதையைச் சொல்லுங்கள். அமெரிக்காவில் 1999இல் 26 பெரிய கிடங்குகளுக்காக பெக்டெல் என்ற கட்டுமான நிறுவனத்தோடு நூறு கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டார்கள். 2001 ஜூலையில் திவால். கூட்டம் வருவதற்கு முன் பந்தல் போட்ட கதை. உங்களிடம்தான் ஏற்கெனவே கிளைகள் இருக்கின்றனவே, அங்கிருந்தே எடுத்துக் கொடுங்கள்.

சரி, இனிமேல்தான் நான் உண்மையில் சொல்ல வந்தது.

மளிகையில் நான் மிகவும் பெருமைப்பட்ட வேலை தேடல். வாடிக்கையாளர் எப்படித் தப்பாகத் தட்டினாலும் சரியான பொருளைக் கொண்டுவந்து நிறுத்தும். எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருளில் இதற்கு ஒரு தானியங்கி அமைப்பு உண்டு: ஐந்து எழுத்துக்கு மேற்பட்ட சொல்லில் இரண்டு எழுத்துப் பிழை வரை பொறுத்துக்கொள்ளும். அதோடு இன்னொன்றும் செய்திருந்தேன். தேடியது அந்தக் கிளையில் இல்லை என்றால் "இல்லை" என்று முகத்தில் அடிக்காமல் அதற்கு மிக நெருக்கமானதைக் காட்டும். மளிகைப் பிரிவில் கைதட்டினார்கள். அதையே மருந்துப் பிரிவுக்கும் திறந்துவிட்டேன். மருந்தும் ஒரு பொருள்தானே, பெயர் இன்னும் கஷ்டம், இன்னும் அதிகமாகத் தப்பாகத் தட்டுவார்கள், ஆகவே இங்கேதான் இது ரொம்பத் தேவை என்று நானே ஒரு மீட்டிங்கில் பேசினேன். யாரும் மறுக்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

வெளியீட்டுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு கிளையில் ஒத்திகை. அங்கிருந்த மருந்தாளுநர் ஐம்பது வயதைத் தாண்டிய அம்மா. அதிகம் பேசமாட்டார். கணினி முன்னால் உட்கார்ந்து சைக்ளோசெரின் என்று ஆங்கிலத்தில் தட்டினார். காசநோய்க்கான மருந்து, அந்தக் கிளையில் வைப்பதில்லை. அவர் வேண்டுமென்றேதான் அதைத் தட்டினார் என்று பிறகுதான் புரிந்தது. என் தேடல் ஒரு நொடிகூட யோசிக்காமல் சைக்ளோஸ்போரினைக் கொண்டுவந்து முதல் வரியில் நிறுத்தியது. பக்கத்திலேயே "கூடையில் சேர்" பொத்தான், பச்சை நிறத்தில்.

அவர் திரையை என் பக்கம் திருப்பினார். "தம்பி, இது எதுக்குன்னு தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். உறுப்பு மாற்று அறுவை செய்தவர்களுக்கு உடலின் எதிர்ப்புச் சக்தியை அடக்கக் கொடுப்பது என்றார். "காசநோய்க்காரருக்கு எதிர்ப்புச் சக்தியை அடக்கினா என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க." குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் ஏதாவது பதில் பேசியிருப்பேன்.

அமெரிக்க எழுத்துக்கூட்டலில் அந்த இரண்டு பெயர்களுக்கும் வித்தியாசம் சரியாக இரண்டே எழுத்து. என் நிரல் பிழை எதுவும் செய்யவில்லை, நான் சொன்னதைச் செய்தது.

"சீட்டு இல்லாமல் இதெல்லாம் கொடுக்கவே மாட்டார்களே, மருந்தாளுநர் பார்த்துத்தானே அனுப்புவார்" என்று நீங்கள் கேட்கலாம். நானும் அன்று அதைத்தான் முனகினேன். அவர் பார்த்துப் பிடிப்பார், உண்மை. ஒரு நாளைக்கு எத்தனை முறை? நாம் கட்டிக் கொடுப்பது அவர் வேலையைக் குறைக்க வேண்டும், தப்பை உற்பத்தி செய்து அவர் மேஜையில் குவிக்கக் கூடாது.

அவர்தான் ஒரு பழைய பில் தாளின் பின்னால் பெயர்களை ஜோடி ஜோடியாக எழுதிக் கொடுத்தார். ஹைட்ராலசின், ஹைட்ராக்சிசின்: முன்னது ரத்த அழுத்தத்துக்கு, பின்னது அரிப்புக்கும் பதற்றத்துக்கும். வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்று இன்னும் பல. அப்புறம் நானாகத் தேடிப் படித்தபோது இது ஊரறிந்த பிரச்சினை என்று தெரிந்தது. லோசெக் என்ற வயிற்று மருந்து லேசிக்ஸ் என்ற சிறுநீர் மருந்தோடு குழம்புகிறது என்பதற்காக 1990இல் அமெரிக்காவில் அதன் பெயரையே பிரைலோசெக் என்று மாற்றியிருக்கிறார்கள். குழப்பும் ஜோடிகளில் வேறுபடும் பகுதியை மட்டும் பெரிய எழுத்தில் அச்சிடும்படி 2001இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை தயாரிப்பாளர்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. சைக்ளோசெரின் ஜோடியும் அந்தப் பட்டியலில் உண்டு. இவ்வளவும் பொதுவெளியில் கிடக்க, நான் பச்சைப் பொத்தானின் அழகைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று ராத்திரி பயத்தில் மற்ற நிரல்களையும் திறந்து பார்த்தேன். மளிகைப் பெயர்களைச் சுத்தம் செய்ய எழுதிய ஒரு துண்டு, எல்லா நிறுத்தக்குறிகளையும் நீக்கிக்கொண்டிருந்தது. 2.5 மி.கி. மாத்திரை எங்கள் தேடலில் 25 மி.கி. ஆகியிருந்தது. இதை நான் யாரிடமும் உடனே சொல்லவில்லை. திருத்திவிட்டுச் சொன்னேன். கோழைத்தனம்தான்.

கடைசியில் மருந்துத் தேடலைத் தனியாகவே பிரித்து எழுதினோம். ஊகிக்காது. தட்டத் தட்டப் பட்டியலிலிருந்து பெயர் வரும், மூலப்பொருள், அளவு, மாத்திரையா மருந்துநீரா என்பதோடு. வாங்குபவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லை என்றால் "இல்லை" என்று மட்டும் சொல்லும், மாற்றைச் சொல்லாது. "இதை வாங்கியவர்கள் இதையும் வாங்கினார்கள்" மருந்துக்குக் கிடையாது. கூடையில் விட்டுப்போனதை நினைவூட்டும் மின்னஞ்சலில் மருந்தின் பெயர் வராது, ஒரே கணக்கைக் குடும்பமே பயன்படுத்துகிறது. விற்பனைப் பிரிவில் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும்.

கூடை ஒன்று, ஆர்டர் இரண்டு (மளிகைக்கு ஒன்று, மருந்துக்கு ஒன்று) என்று டேட்டாபேஸை முதல் நாளே அமைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஒன்றாக வைத்தோம். மருந்துச் சீட்டுக்கு ஒப்புதல் வரும்வரை கூடவே வாங்கிய கீரை வாடிக் கிடந்தது. பிரித்து எழுதவே ஏழு வாரம் போனது. பையில் வைக்கும்போதும் பிரிக்க வேண்டும்: திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும், ஆனால் உறையக் கூடாது, உறைந்தால் வீண். குளிர்ச்சியானது எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்து ஒருவர் அதை ஐஸ்கிரீம் பையில் வைத்தார். அவருடைய திரையில் "குளிர்" என்று மட்டும் எழுதியிருந்தது. எழுதியது நாங்கள்.

இதையெல்லாம் எங்கே போய்ச் சொல்வது? அந்த வேலையை விட்டபின் நான்கு நேர்முகத் தேர்வுகளுக்குப் போனேன். நான்கிலும் பலகையில் மரத்தைத் தலைகீழாகத் திருப்பச் சொன்னார்கள். தரவைக் கிளை கிளையாக அடுக்கும் கணினி மரத்தைத்தான். பதினான்கு மாதத்தில் ஒரு மரத்தையும் நான் திருப்பவில்லை. கணக்கில் இருக்கிற நான்கு ஏன் பேய் என்று ஒருவராவது கேட்பார் என்று பார்த்தேன், கேட்கவில்லை. ஒருவர் மட்டும் என் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு "ஓ, மளிகைக் கடை வெப்சைட்டா" என்றார். அந்த "ஆ" இன்னும் காதில் இருக்கிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லை, தெரியும். எழுதியதை அழிக்க மனமில்லை.

உங்கள் மூன்று மாதத்துக்கு வருவோம். கெடுவை மாற்ற முடியாது என்றால் ஒரே கிளை, மளிகை மட்டும், எடை போடும் பொருளில் பத்துப் பதினைந்து. அது முடியும். மருந்துக்கு இப்போதைக்குத் தேடலே வேண்டாம். சீட்டைப் படம் பிடித்து அனுப்ப ஒரு பக்கம், அனுப்பியதும் மருந்தாளுநரே திரும்பக் கூப்பிட்டுப் பேச ஒரு போன் எண். பார்க்க அழகாக இருக்காது. டெமோவில் உங்கள் மேலாளர் முகம் கொஞ்சம் சுருங்கும், இதை யார் வேண்டுமானாலும் செய்யலாமே என்பார். மருந்தாளுநரையும் அந்த டெமோவுக்குக் கூப்பிட்டு, மேலாளர் பக்கத்திலேயே உட்காரவையுங்கள்.