பவளத்தைத் தொடக்கூடாது: ஆங்கிலத்தில் எப்படி?

கேள்வி: திருகோணமலை நிலாவெளியில் படகு ஓட்டுகிறேன். புறாத்தீவில் பவளப்பாறையைத் தொட வேண்டாம் என்பதற்கு ‘யூ டோண்ட் ஹாவ் டு டச்’ என்கிறேன். உல்லாசப் பயணிகள் கேட்பதாயில்லையே?

பதில்: தம்பி, அவர்களுக்கு அது ‘தொடவேண்டிய கட்டாயமில்லை, விரும்பினால் தொடலாம்’ என்றுதான் கேட்கும். தடை என்றால் ‘யூ மஸ்ட் நாட் டச்’. கடுமையாகப் பட்டால் ‘ப்ளீஸ் டோண்ட் டச்’ சொல்லுங்கள், ஆனால் சொல்லாமல் விடாதீர்கள். பவளம் உயிருள்ளது. கை பட்டாலே காயப்படும், மிதித்தால் உடையும். புறாத்தீவு தேசியப் பூங்காவும்கூட.

அப்புறம், கோணேசர் கோயிலுக்குக் கூட்டிப்போனால், செருப்பைக் கழற்ற ‘யூ ஹாவ் டு’ நல்லது. கட்டாயம் கோயில் விதியினுடையது, உங்களுடையதல்ல என்பது அதில் தெரியும். படம் எடுக்க அனுமதி இருக்கும் இடத்தில் ‘யூ கேன்’ போதும். அதையே ‘யூ மே’ என்பது அறிவித்தல் பலகைக்குப் பொருந்தும்.