சாவியைக் கொடுத்தவன்

கேள்வி: நானும் என் மனைவியும் போன மாதம் 'தி அபார்ட்மென்ட்' என்ற பழைய ஆங்கிலப் படம் பார்த்தோம். எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அவள் பாதியில் எழுந்து போய்விட்டாள். கதாநாயகன் காய்ச்சலோடு டைரியைப் புரட்டி, எந்த அதிகாரிக்கு எந்த ராத்திரி தன் வீடு என்று போனில் நாள் மாற்றிக் கொடுக்கும் இடம் அது. "அடுத்தவன் கள்ள உறவுக்கு வீட்டைத் திறந்துவிடுகிறவன் கதாநாயகனா? இதில் சிரிக்க என்ன இருக்கிறது?" என்கிறாள். என் மேலாளர் வெளியே போகும்போது, வீட்டிலிருந்து போன் வந்தால் மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்லச் சொல்வார். நானும் சொல்லியிருக்கிறேன். அதையும் இதையும் முடிச்சுப் போட்டுப் பேசுகிறாள். இந்தப் படத்தை ரசித்தது தவறா?
- பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: ரசித்ததில் ஒரு தவறும் இல்லை. ஆனால் உங்கள் மனைவி எழுந்துபோன இடத்தைக் கவனியுங்கள். அது அருவருப்பு வரவேண்டிய இடம்தான். பார்க்கிறவர்களைச் சிரிக்க வைத்துக்கொண்டே, இவன் என்ன காரியம் செய்கிறான் என்று கூச வைப்பதற்காகவே இயக்குநர் பில்லி வைல்டர் அந்தக் காட்சியை அவ்வளவு நீளமாக எடுத்திருக்கிறார். மூக்கு ஒழுகுகிறது, வாயில் தெர்மாமீட்டர், கையில் போன். தன் வீட்டில் தான் படுக்க ஒரு ராத்திரி வேண்டும் என்று நான்கு மேலதிகாரிகளிடம் கதாநாயகன் பாக்ஸ்டர் கெஞ்சிக்கொண்டிருக்கிறான். உங்கள் மனைவி படத்தைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறார். கொஞ்சம் சீக்கிரம் எழுந்துவிட்டார், அவ்வளவுதான்.

இந்தக் கதை எங்கே பிறந்தது தெரியுமா? 1945இல் டேவிட் லீன் 'ப்ரீஃப் என்கவுன்டர்' என்று ஒரு படம் எடுத்தார். கல்யாணமான இருவரின் காதல். அதில் அவர்கள் சந்திக்க ஒரு நண்பனின் வீடு கிடைக்கிறது. படம் பார்த்த எல்லோரும் காதலர்களுக்காகக் கலங்கினார்கள். வைல்டருக்கோ அந்த நண்பன் மேல் கண் போனது. அவர்கள் போனபிறகு, இன்னும் சூடு ஆறாத அந்தப் படுக்கைக்குத் திரும்பி வருகிறானே, அவன் யார், ஏன் இதற்கு ஒத்துக்கொண்டான்? அந்தக் காலத்து ஹாலிவுட் தணிக்கை விதிகளுக்குள் இதைப் படமாக்க முடியாது என்று பல வருஷம் மனதிலேயே வைத்திருந்தார். ஐ.ஏ.எல். டயமண்டோடு சேர்ந்து எழுதி, 1960இல்தான் எடுத்தார். ஆக, இது கள்ள உறவைப் பற்றிய படமே இல்லை என்பேன். சாவி கொடுத்தவனைப் பற்றிய படம்.

ஆரம்பத்தில் பாக்ஸ்டர் எண்களாகவே ஒப்பிப்பான், நினைவிருக்கிறதா? நியூயார்க்கின் மக்கள்தொகை 80,42,783. அவன் வேலை பார்க்கும் காப்பீட்டு நிறுவனத்தில் 31,259 பேர். பத்தொன்பதாவது மாடி, மேசை எண் 861. வாரச் சம்பளம் 94 டாலர் 70 சென்ட். வீட்டு வாடகை மாதம் 85 டாலர். கிட்டத்தட்ட ஒரு வாரச் சம்பளத்தை வாடகைக்குக் கொட்டுகிறான், அந்த வீட்டுக்குள்ளேயே அவனால் ராத்திரி நுழைய முடியவில்லை. சென்ட்ரல் பார்க் பெஞ்சில் குளிரில் உட்கார்ந்திருக்கிறான். அந்த அலுவலகத்தையும் மறக்க முடியாது. முடிவே இல்லாமல் போகும் மேசை வரிசைகள். கலை இயக்குநர் அலெக்சாண்டர் ட்ரவ்னர் பின்வரிசைகளில் சின்னச் சின்ன மேசைகளைப் போட்டு, உயரம் குறைந்தவர்களை உட்காரவைத்துத்தான் அந்த நீளத்தைக் கொண்டுவந்தார். இத்தனை பேரில் ஒருவனாகக் கிடந்தவனுக்கு மேலே போக ஒரு வழி தெரிகிறது: அதிகாரிகளுக்கு வீட்டுச் சாவியைக் கொடுத்தால் பதவி உயர்வு. அந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். பாக்ஸ்டராக நடித்த ஜாக் லெமனின் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் மனசு வராது.

இந்தப் படத்தில் நான் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கும் இடம் ஒன்று உண்டு. உங்கள் மனைவி அதைப் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். பாக்ஸ்டர் தன் வீட்டு சோபாவில் யாரோ ஒரு பெண் விட்டுப்போன பவுடர் டப்பாவை எடுக்கிறான். உள்ளே கண்ணாடி விரிசல் விட்டிருக்கிறது. அதைப் பெரிய அதிகாரி ஷெல்ட்ரேக்கிடம் பத்திரமாகத் திருப்பிக் கொடுக்கிறான். யாருடையது என்று அவனுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வேண்டியிருக்கவில்லை. அப்புறம் அலுவலகத்தில் கிறிஸ்துமஸ் விருந்து. லிஃப்ட் இயக்கும் ஃப்ரான்மேல் அவனுக்குப் பிரியம். புதிதாக வாங்கிய தொப்பியை வைத்துக்கொண்டு எப்படி இருக்கிறது என்று கேட்கிறான். பார்த்துக்கொள்ளச் சொல்லி அவள் ஒரு டப்பாவை நீட்டுகிறாள். திறக்கிறான். அதே விரிசல். அவன் முகம் அதில் இரண்டாகத் தெரிகிறது.

யாரும் ஒன்றும் விளக்குவதில்லை. கண்ணாடி உடைந்திருக்கிறதே என்கிறான். தெரியும், என் மனசு எப்படி இருக்கிறதோ அப்படியே காட்டுகிறது, அதனால் பிடிக்கும் என்கிறாள். தன்னை உடைத்த வீடு யாருடையது என்று அவளுக்குத் தெரியாது. அதுவரை யாரோ ஒருத்தி, எவரோ ஒருவர் என்று இருந்த விஷயத்துக்கு அந்த நொடியில் ஒரு முகம் வந்துவிடுகிறது. சாவி கொடுத்தவனுக்கும் அதில் பங்கு உண்டு என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன படத்தை நான் பார்த்ததில்லை.

அன்று இரவே அவள் தன் ரகசியக் காதலர் ஷெல்ட்ரேக்குக்குப் பரிசாக ஒரு இசைத்தட்டு கொண்டுவருகிறாள். அவர் பர்ஸைத் திறந்து நூறு டாலர் நோட்டை எடுத்து நீட்டுகிறார். ஃப்ரானாக நடித்த ஷர்லி மெக்லைன் அந்த நோட்டைப் பார்க்கும் பார்வையைப் பாருங்கள். அதற்குப் பிறகு அவள் தூக்க மாத்திரைகளை விழுங்கி, பாக்ஸ்டரின் படுக்கையிலேயே கிடக்கிறாள். பக்கத்து வீட்டு டாக்டர்தான் ஓடிவந்து காப்பாற்றுகிறார். எல்லாம் இவனால் வந்தது என்று நினைத்து இவனைத் திட்டுகிறார். இவனும் இல்லை என்று சொல்லவில்லை. அவர் 'மென்ஷ்' ஆக இரு என்கிறார். யூதர்களின் இத்திஷ் மொழிச் சொல். ஆங்கிலத்தில் அதற்கு விளக்கம் சொல்லவேண்டியிருக்கிறது, நமக்கு வேண்டாம். மனுஷனா இரு என்று நம் வீடுகளில் சொல்கிற அதே சொல்தான்.

உங்கள் மனைவி பக்கம் நின்று ஒரு குறை நானும் சொல்லவேண்டும். ஷெல்ட்ரேக்கின் மனைவிக்குப் படத்தில் இடமே இல்லை. கிறிஸ்துமஸ் காலையில் வீட்டில் பிள்ளைகளோடு சற்று நேரம் தெரிகிறார், அவ்வளவுதான். கணவன் துரோகம் செய்தது அவருக்கு. அவர் என்ன ஆனார், எப்படித் தாங்கினார் என்று வைல்டர் கேட்கவே இல்லை. அந்த ஆண்டு சிறந்த படம் உட்பட ஐந்து ஆஸ்கர் வாங்கிய படம் என்பதற்காக இதை மறைக்கத் தேவையில்லை.

அந்த அம்மாள் திரையில் வரும் முன்பே உங்கள் மனைவி எழுந்துவிட்டார், ஆனாலும் அப்படி ஒருத்தி இருப்பாள் என்று அவருக்குத் தோன்றியிருக்கும். ஏனென்றால் அதே மாதிரிக் கதை உங்கள் அலுவலகத்திலும் நடக்கிறது. மீட்டிங்கில் இருக்கிறார் என்று நீங்கள் சொல்லும்போது மறுமுனையில் ஒரு பெண் அதை நம்பிப் போனை வைக்கிறாள். அந்தப் பெண்ணின் இடத்தில் உங்கள் மனைவி தன்னை வைத்துப் பார்க்கிறார். அவர் முடிச்சுப் போடவில்லை, ஏற்கெனவே இருக்கும் முடிச்சைக் காட்டுகிறார். உங்கள் மேலாளர் எங்கே போகிறார் என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் நிச்சயமாகத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் பொய் சொல்வது உங்கள் குரல்.

பாக்ஸ்டர் கடைசியில் ஷெல்ட்ரேக் வீட்டுச் சாவி கேட்கும்போது அதிகாரிகளுக்கான கழிவறைச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேலையை விட்டு வெளியே வருகிறான். உங்களை அப்படிச் செய்யச் சொல்லமாட்டேன். அடுத்தமுறை போன் வந்தால், "சார் இப்போது இடத்தில் இல்லைம்மா, வந்ததும் பேசச் சொல்கிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். அது பொய்யில்லை. மேலாளர் கேட்டால், சார், வேறு எந்த வேலை வேண்டுமானாலும் சொல்லுங்கள், இது மட்டும் என்னால் முடியவில்லை என்று தனியாக, மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். கொஞ்சநாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார். அதைத் தாங்கிக்கொள்ளுங்கள். சொல்லிவிட்டு வந்து, அன்றைக்கே உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள். படத்துக்காக அவரிடம் வாதாடுவதெல்லாம் அதற்குப் பிறகு.

அப்புறம் இருவரும் மறுபடி உட்காருங்கள். முதலிலிருந்து வேண்டாம், அந்தக் கிறிஸ்துமஸ் விருந்திலிருந்து போடுங்கள். டென்னிஸ் மட்டையில் ஸ்பகெட்டி வடிகட்டும் இடத்தில் அவர் சிரித்துவிடுவார் என்றே நினைக்கிறேன். கடைசிக் காட்சியில் ஃப்ரான் சோபாவில் வந்து உட்கார்ந்து, பாதியில் நின்றுபோன சீட்டாட்டத்தைத் தொடரச் சொல்லிச் சீட்டுக்கட்டை அவன் கையில் கொடுக்கிறாள். அவன் காதலைச் சொல்கிறான். பேசாமல் சீட்டைப் போடுங்கள் என்கிறாள். கட்டிப்பிடிப்பதும் இல்லை, முத்தமும் இல்லை. அதுவரை பார்த்துவிட்டு உங்கள் மனைவி என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். அவரே எழுதினால் இன்னும் சந்தோஷம்.